செத்தவர் கோட்டைப் போட்ட எஸ்னாத்

ஹராரே நகரத்து முஃபகோசேப் பேட்டையில் எஸ்னாத்தைத் தெரியாதவர் யாராவது இருந்தால் அவர் கருவாடு தின்னாதவராகத்தான் இருக்க வேண்டும். சந்தைக்குள் நுழைந்ததும் தக்காளிக்காரிகளைத் தாண்டி, கபெண்டா என்கிற ஏரிப் பொடிமீன் கருவாட்டைச் சாக்கின் மேல் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஹராரேயில் எத்தனையோ பெரிய கடைகள் வந்துவிட்டன, இதே கருவாட்டைக் கண்ணாடிப் பையில் அடைத்துக் குளிர்ந்த அலமாரியில் வைத்து விற்கிறார்கள். ஆனாலும் ஜனங்கள் எஸ்னாத்திடம்தான் வருவார்கள், கருவாட்டுக்குப் பாதி, அவள் வாய்க்குப் பாதி. போன தடவை வாங்கினதில் மணல் கிடந்தது என்று யாராவது குறை சொன்னால், ஏரியில் மீன் மெத்தை போட்டா படுத்திருக்கிறது என்று கேட்பாள். குறை சொன்னவள் சிரித்துவிட்டு இன்னும் ஒரு படி வாங்கிக்கொண்டு போவாள்.

ஞாயிற்றுக்கிழமையானால் அவள் வேறு ஆள். வாடை போகத் தேய்த்துக் குளித்துவிட்டு, சிவப்பு மேல்சட்டை, கறுப்புப் பாவாடை, வெள்ளைத் தொப்பி என்று சபை மாதர் சங்கத்து உடுப்பில் கிளம்பிவிடுவாள். அந்தச் சிவப்புச் சட்டை காசு கொடுத்து வாங்கிப் போடுகிற சட்டை இல்லை. வருஷக்கணக்காக ஜெபக் கூட்டத்துக்குப் போய், நோயாளி வீட்டில் பாத்திரம் தேய்த்து, நல்ல பேர் வாங்கின பிறகுதான் பீடத்துக்கு முன்னால் முழங்கால் போடவைத்து மாட்டிவிடுவார்கள். எஸ்னாத்துக்கு நாக்கு அடங்க நேரமானதால் மற்றவர்களைவிடத் தாமதமாகத்தான் கிடைத்தது. கிடைத்த அன்று ஓவென்று அழுதாள். செத்தால் இதைப் போட்டுத்தான் என்னைப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று மருமகளிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாள். சட்டைக்காரி செத்தால் சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் சிவப்பாக வந்து நின்று பாடுவார்கள். தப்புச் செய்து சங்கத்திடம் சட்டையைப் பறிகொடுத்தவள் செத்தால் ஒருத்தியும் வர மாட்டாள்.

சட்டை பாடுபட்டு வாங்கியது. பிறவியிலேயே வந்தது இன்னொன்று உண்டு. முசோண்டோ குடும்பத்துக்கு எஸ்னாத்தின் குடும்பம் சாவிரா. சிநேகிதம் என்று சொல்லிவிடலாம்தான், ஆனால் சிநேகிதர்களை நாமாகத் தேடிக்கொள்கிறோம். சாவிரா முன்னோர் காலத்திலிருந்து வீட்டுக்கு வீடு வருகிறது. அந்த வீட்டில் சாவு விழுந்தால் முதல் செய்தி சாவிராவுக்குத்தான் போக வேண்டும். சாவிரா வந்து, செத்தவரின் துணியை எடுத்து மாட்டிக்கொண்டு, அவர் மாதிரியே நடந்து, அவர் மாதிரியே பேசி, அழுகிற ஜனத்தைச் சிரிக்கவைக்க வேண்டும். சிரிக்கிற வாய் மூடுவதற்குள் அவர் செய்த நல்லது கெட்டது இரண்டையும் போட்டு உடைத்துவிட வேண்டும். சாவிரா என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது, என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. சொந்தக்காரன் வாயைத் திறந்தால் வெட்டுக்குத்தில் முடிகிற சங்கதியைச் சாவிரா சொன்னால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். எஸ்னாத்தின் தம்பிமார் இங்கிலாந்துக்குப் போய்க் கிழவர்களைக் குளிப்பாட்டிச் சம்பாதிக்கிறார்கள். அதனால் முசோண்டோ வீட்டுச் சாவுகளெல்லாம் அவள் தலையில் விழுந்தன.

அந்த வீட்டுக்குப் பெரியவர் சைலஸ் முசோண்டோ. வேலையில் இருந்த காலமெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டை அக்டோபர் வெயிலிலும் கழற்றாதவர். ஓய்வு பெற்ற பிறகும் அதே கோட்டோடு சபையின் தலைமைக் காரியக்காரராக உட்கார்ந்துவிட்டார். பெஞ்சில் உட்காருவதற்கு முன்னால் கைக்குட்டையால் துடைப்பார். குழந்தை அழுதால் "ஒழுங்கு, ஒழுங்கு" என்பார். சும்மா சொல்லக் கூடாது, சபைக் கட்டடத்துக்கு அவர் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. சிமெண்டு கிடைக்காத காலத்தில் நாள் முழுக்க வரிசையில் நின்று மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தவர். பஸ்ஸிலும் நியாயஸ்தர்தான். டிக்கெட் வைத்திருந்தவனைத் தெரியாமல் இறக்கிவிட்டால், அடுத்த பஸ்ஸை அவரே கைகாட்டி நிறுத்தி, "தப்பா இறக்கிட்டேன், ஏறு" என்று சொல்லி ஏற்றிவிடுவார். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். அந்த நியாயத்தில் ஒரு சொட்டாவது வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்கலாம்.

மூத்த மகள் ராவிரோ பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள். பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷம் வயிற்றில் பிள்ளை வந்துவிட்டது. பெற்ற அப்பனே சபை நடுவில் எழுந்து நின்று அவள் பேரை வாசித்தார். திருவிருந்து கிடையாது, பாட்டு கிடையாது, சபை வாசல் கிடையாது. வழக்கப்படி அவளைப் பிள்ளைக்குக் காரணமான பையன் வீட்டுக்கு அனுப்பினார்கள். பையன் வீட்டார் இது எங்கள் பிள்ளையே இல்லை என்று துரத்தினார்கள். கொட்டுகிற மழையில் திரும்பி வந்தவள் கதவைத் தட்டினாள், திறக்கவில்லை. உள்ளே விளக்கு எரிந்ததை அந்தத் தெருவே பார்த்தது. எஸ்னாத்துதான் கூட்டிப்போய் ஈரம் துடைத்து, நகரத்துக்கு வெளியே எப்வர்த்தில் தெரிந்தவர் வீட்டில் ஓர் அறை பிடித்துக் கொடுத்தாள்.

மனுஷன் அதோடு விட்டாரா? எங்கள் பக்கம் ஒருத்தியை அவள் மூத்த பிள்ளையின் பேரை வைத்துத்தான் கூப்பிடுவோம். ராவிரோ பிறந்த நாளிலிருந்து சைலஸின் மனைவிக்கு ராவிரோ அம்மா என்றுதான் பேர். இனிமேல் அவளை டோங்காய் அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று சைலஸ் தெருவுக்கே கட்டளை போட்டார். டோங்காய் ராவிரோவுக்கு அடுத்துப் பிறந்த பையன். பெற்ற வயிற்றிலிருந்தே ஒரு பிள்ளையை அழிக்கிற வேலை இது. ஜனங்களும் வெட்கமில்லாமல் டோங்காய் அம்மா, டோங்காய் அம்மா என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவளும் அந்தப் பேருக்கு 'என்ன' என்று திரும்பினாள், பிறகு மாதர் சங்கத்துத் தலைவியும் ஆனாள். எஸ்னாத் ஒருத்திதான் விடாமல், சைலஸ் பக்கத்தில் நிற்கிறபோதும், ராவிரோம்மா என்று கூப்பிட்டாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். சாவிராவை என்ன செய்ய முடியும்?

போதகர் மடோண்டோ வந்தது இதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. இளவயசு, ஹராரேயிலேயே பிறந்து வளர்ந்தவர், வெளிநாட்டில் போய் நகரத்து ஊழியமும் ஆப்பிரிக்கப் பண்பாடும் என்று படித்துவிட்டு வந்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. காம்பி என்கிற சிறு பஸ் ஓட்டுகிறவர்களுக்காக விடிகாலையில் ஓர் ஆராதனை வைத்தார். பியானோவை ஓரங்கட்டிவிட்டு மேளத்தையும் குலுக்குகிற சுரைக்குடுக்கையையும் உள்ளே கொண்டுவந்தார். பண்பாட்டு ஞாயிறு என்று ஒரு நாளை வைத்து, அன்றைக்கு அங்கிக்குப் பதிலாகப் பூப்போட்ட துணியில் தைத்த சட்டை போட்டுக்கொண்டு வருவார். நம் முன்னோர் வழக்கத்துக்குள்ளேயே கிறிஸ்து இருக்கிறார், இயேசுதான் நமக்கெல்லாம் சாவிரா என்று ஒருநாள் அவர் பிரசங்கம் செய்தபோது எஸ்னாத் பெஞ்சை விட்டு எழுந்து குலவையிட்டாள். இப்படி ஒரு போதகர் வந்தாரே என்று மூன்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பாவி, ஏமாந்துபோனாள்.

சைலஸ் மழைக்காலத்து முடிவில் நெஞ்சு வலியில் போனார். போவதற்கு முன்னால் தம்பி ஃபனுவேலையும் மனைவியையும் பக்கத்தில் கூப்பிட்டு, ராவிரோ என் குழியில் மண் போடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். சாகும்போதும் ஒருத்தியை இறக்கிவிட்டுத்தான் போயிருக்கிறார். எங்கள் ஜனத்துக்குச் செத்தவன் வாக்கு என்றால் நடுக்கம். உயிரோடு இருக்கிறவன் அதை மாற்ற முடியாது. குழியில் மண் போடாத பிள்ளையோ அந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்று ஆகிவிடும். அவள் மகனுக்கு நாளைக்குப் பாட்டன் பேர் கிடையாது, குலப்பேர் கிடையாது. இதை மாற்ற ஓர் ஆளால்தான் முடியும், அது செத்தவரே. செத்தவர் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறவள் யார்? எஸ்னாத்துதான். செய்தி வந்ததும் அவள் முதலில் எப்வர்த்துக்குப் போய் ராவிரோவிடம் சொன்னாள். வா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ராவிரோ அழவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அடக்கத்துக்கு முதல் நாள் போதகர் சந்தைக்கே வந்தார், கருவாட்டுச் சாக்குக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து மரியாதையாகத்தான் பேசினார். நகராட்சி இடுகாட்டில் ஒரு சாவுக்கு ஒதுக்குகிற நேரம் குறைவு, பிண வண்டி அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும், அதனால் நிகழ்ச்சி நிரலை ஒழுங்குபடுத்தி அச்சடித்திருக்கிறோம் என்றார். சாவிராவையும் நாங்கள் மறக்கவில்லை, மூன்று நிமிஷம் ஒதுக்கியிருக்கிறோம் என்றார். எஸ்னாத்துக்கு ஒரு கணம் மனம் குளிர்ந்தது. பிறகுதான் தெரிந்தது, அந்த மூன்று நிமிஷமும் சிபண்டா என்பவருக்காம். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை செய்கிறவர், சபைக் கணக்கில் சைலஸோடு உட்கார்ந்தவர். செத்தவருக்கு நெருங்கின சிநேகிதராம், அதனால் அவர்தான் சாவிரா என்று போட்டுவிட்டார்கள். வெளிநாட்டுப் படிப்பில் சாவிரா என்ற சொல்லுக்கு நேரே சிநேகிதன் என்று எழுதியிருந்ததோ என்னவோ.

"சாவிராவ நீங்க நியமிக்க முடியாது பாஸ்டர். அது என்ன, கொயர் மாஸ்டரா?"

"கோட்டு மாட்டிக்கிட்டு ஆடுறது வேண்டாம்மா. பெரிய காரியக்காரர் அடக்கம். வேற சபைக்காரங்க வருவாங்க, ஆபீஸ்காரங்க வருவாங்க. சிரிக்கிற எடமா அது?"

"பண்பாட்டு ஞாயித்துக்கிழம ஆடுனமே, அப்ப யாரு வந்தா?"

அது ஆராதனைக்குள் சுத்திகரித்துக் கொண்டுவந்தது என்று அவர் விளக்கினார். எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, நல்லதைச் சலித்து எடுக்க வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, நீங்கள் கேட்காவிட்டால் சங்கம் உங்கள் சட்டையைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார்.

எஸ்னாத்துக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. "எங்க மேளம் வேணும் ஒங்களுக்கு. துணி வேணும். வாய் மட்டும் வேணாம். அப்பிடித்தான பாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு, வாங்க வந்த ஆளுக்குக் கருவாடு அளக்கத் திரும்பிக்கொண்டாள். அள்ளிப் போட்டதில் அளவு கூடிப்போனது.

மறுநாள் காலையில் சாவு வீட்டுக்குப் போனாள். ராவிரோவின் அம்மா தரையில் பாய் போட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், சுற்றிலும் சிவப்புச் சட்டைகள். எஸ்னாத் கோட்டைக் கேட்டாள். சாவிரா கேட்டதை மறுக்க முடியாது. அவள் எழுந்து போய் அலமாரியைத் திறந்து, கோட்டைத் தடவிப் பார்த்துக் கொடுத்துவிட்டு, பாஸ்டர் கோபிப்பார் என்று மட்டும் முணுமுணுத்தாள். உன் மகள் வருகிறாள் என்று எஸ்னாத் சொன்னாள். அவள் திரும்பிப் பாயில் போய் உட்கார்ந்துகொண்டாள். வெளியே வந்து பைக்குள் கோட்டைத் திணிக்கும்போது, சிவப்புச் சட்டையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாமோ என்று எஸ்னாத் நினைத்தாள். சட்டைக்கு அவமானம் வந்துவிடக் கூடாதே என்ற பயம். அடுத்த நொடி அந்தப் பயத்தின் மேலேயே கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறபோது போட்டிருக்க முடியாத சட்டை என்ன சட்டை?

இடுகாட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. போதகர் நன்றாகத்தான் பேசினார். சிபண்டா ஒரு தாளைப் பிரித்து, மறைந்தவர் காலந்தவறாதவர், அன்பான தகப்பன் என்று வாசித்தார். அன்பான தகப்பன் என்ற இடத்தில் கூட்டத்தில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். தூரத்தில், வண்டிகள் நிற்கிற வேப்ப மரத்தடியில், ராவிரோ மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பையன் பள்ளிக்கூடச் சட்டை போட்டிருந்தான், அதுதான் இருந்ததில் நல்ல சட்டை போலும். கிட்டே வரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. ஃபனுவேல் அவளைப் பார்த்துவிட்டு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

பெட்டி இறங்கினது. மண்வெட்டியை எடுக்கிற நேரத்தில் எஸ்னாத் கோட்டை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

ஒரு தோளைத் தூக்கி, தொண்டையைச் செருமி, கைக்குட்டையை எடுத்து, குவித்திருந்த மண்ணை ஒரு துடைப்புத் துடைத்தாள். அவ்வளவுதான், கூட்டம் குபீரென்று சிரித்தது. அழுதுகொண்டிருந்த சைலஸின் தங்கச்சிமார் போர்த்தியிருந்த துணியை வாயில் அடைத்துக்கொண்டார்கள். எஸ்னாத் வரிசையில் ஒவ்வொருவராக, டிக்கெட், டிக்கெட் என்று கையை நீட்டிக்கொண்டு போனாள். சிபண்டாவிடம் வந்து, மூணு நிமிஷ டிக்கெட்டில் இவ்வளவு தூரம் வந்துவிட்டாயே என்றாள். பாவம், அவரும் சிரித்துவிட்டார்.

போதகர் சிரிக்கவில்லை. "அம்மா, இது ஒழுங்குல இல்ல. கோட்டக் கழட்டுங்க. சாவிரா பேசி முடிச்சாச்சு."

சிபண்டா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். "என்னய மன்னிச்சிருங்க பாஸ்டர். எங்க வீட்டுக்கும் சாவிரா உண்டு. சாவிரா நிக்கிற எடத்துல நான் பேச மாட்டேன்."

ஃபனுவேலும் மறிக்க வழியில்லாமல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். எஸ்னாத் போதகரை ஏறெடுத்தும் பார்க்காமல் வேப்ப மரத்தைப் பார்த்து நடந்தாள், அதே தோள், அதே நடை. கூட்டம் அப்படியே திரும்பினது. என்ன வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, சிரிப்பு தானாக நின்றது. போகிற வழியில் பாயில் உட்கார்ந்திருந்த விதவையிடம் நின்று, சைலஸின் கட்டைக் குரலில், "ராவிரோம்மா, ஒழுங்கா உக்காரு" என்றாள். சைலஸ் குரலில் அந்தப் பேரைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அந்த அம்மாளின் முகம் கோணிக்கொண்டு போனது.

ராவிரோவுக்கு முன்னால் போய்க் கையை நீட்டி, டிக்கெட் என்றாள். இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் என்று எஸ்னாத் நன்றாக யோசித்து வைத்திருந்தாள். இவளிடம் டிக்கெட் இருக்கிறதே, இவளை எவன் இறக்கிவிட்டான் என்று ஓட்டுநரை அதட்டுவது, கூட்டத்தைச் சிரிக்கவைத்து அந்தச் சிரிப்போடு அவளைக் குழிக்குக் கூட்டிப்போவது. ஆனால் ராவிரோ எஸ்னாத்தைப் பார்க்கவே இல்லை. அவள் பார்த்தது கோட்டை, அதன் பித்தளைப் பொத்தான்களை.

"டிக்கெட்டா கேக்குறீங்க?" என்றாள் மெதுவாக. "கதவத் தட்டுனனே அப்பா. மழையில நின்னு தட்டுனனே. உள்ள இருந்து செருமுனீங்க, கேட்டுச்சு எனக்கு. முழிச்சுக்கிட்டுத்தான இருந்தீங்க?" சட்டென்று மரியாதை போய்விட்டது. "முழிச்சுக்கிட்டுத்தான இருந்த? எம்புள்ளைய எங்க பெத்தேன்னு தெரியுமா ஒனக்கு? ஒருநாளாவது கேட்டியா? சிமெண்டு மூட்டைக்கு நாளெல்லாம் வரிசைல நின்னியே, எனக்கு ஒரு தாழ்ப்பாளத் தெறக்க முடியலையா ஒன்னால?"

ஓங்கி அடித்தாள். கோட்டின் மார்பில், தோளில், இரண்டு கையாலும் அடித்தாள். ஒரு பொத்தான் தெறித்துப் புல்லில் விழுந்தது. பையன் பயந்து வேப்ப மரத்துக்குப் பின்னால் போய்விட்டான். பெண்கள் ஓடி வந்தார்கள். வராதீர்கள் என்று எஸ்னாத் கையால் காட்டினாள். ஒவ்வொரு அடியும் எலும்பில் விழுந்தது, அவளும் இளவட்டம் இல்லையே. வலியில் கண்ணில் நீர் முட்டியது, ஆனால் நகரவில்லை. கோட்டைப் போட்டது பேசுவதற்கு என்று நினைத்துக்கொண்டு வந்தாள். அடிபடுவதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

ராவிரோ ஓய்ந்துபோய் மூச்சு வாங்க நின்றாள். எல்லாரும் எஸ்னாத்தின் வாயைப் பார்த்தார்கள். சைலஸின் குரலில் ஒரு மன்னிப்புக் கேட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். எஸ்னாத் தேடிப் பார்த்தாள். அந்த மனுஷன் வீட்டில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதே இல்லை, இல்லாததை நடிக்கச் சாவிராவுக்கு உரிமை கிடையாது. பொய்யாக இனிக்கப் பேசிவிட்டுப் போக அவள் என்ன சிபண்டாவின் தாளா? பஸ்ஸில் மட்டும் அவர் சொல்கிற ஒரே ஒரு வார்த்தை இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தப்பா இறக்கிட்டேன். ஏறு."

வாய்விட்டு அழுதது ராவிரோ இல்லை, ஃபனுவேல். மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே எழுந்து வந்து ராவிரோவைக் குழிக்குக் கூட்டிப்போய் அவள் கையில் மண்ணை வைத்தார், பையன் கையிலும் வைத்தார். மண் போட்டார்கள். போதகர் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கடைசி ஜெபத்தைச் சுருக்கினார். பெற்ற தாய் மட்டும் பாயை விட்டு அசையவில்லை. சங்கத்துப் பெண்கள் அவளைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றினார்கள், வண்டி போய்விட்டது. ராவிரோ வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு காம்பி பிடிக்க நடந்தாள். எஸ்னாத்துக்கு அடிபட்ட இடமெல்லாம் அப்போதுதான் பற்றி எரிந்தது.

சில வாரம் கழித்துச் சங்கம் கூடினது. தலைவி துக்கத்தில் வெளியே வரக் கூடாதே, அதனால் கூட்டம் முசோண்டோ வீட்டு முன்னறையில். சைலஸின் படத்துக்குக் கீழே கறுப்புத் துணியில் தலைவி, பக்கத்தில் போதகர், சுவரோரமாகச் சிவப்புச் சட்டைகள். எஸ்னாத் நடுவில், முக்காலியில். வழக்கத்தை யாரும் இழிவு செய்யவில்லை, ஆனால் அடக்க ஆராதனையில் அடிதடி நடந்தது சபைக்குத் தலைகுனிவு என்றார் போதகர். தவறு என்று ஒத்துக்கொண்டால் கொஞ்ச காலம் பின்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பச் சட்டை போட்டுக்கொள்ளலாம் என்றார். பரிவாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இயேசுதான் நமக்குச் சாவிரான்னு பிரசங்கம் பண்ணீங்க," என்றாள் எஸ்னாத். "நான் எந்திரிச்சுக் குலவ போட்டேன். அந்தச் சாவிரா ஒங்க ஒழுங்குல எத்தன நிமிஷம் பேசலாம் பாஸ்டர்?"

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, தலைவி அம்மாவே சொல்லட்டும், இறந்தவர் அவர் கணவர், நடந்தது அவர் கண் முன்னால், அவர் மன்னித்தால் நாங்களும் விட்டுவிடுகிறோம் என்றார். எல்லாரும் திரும்பினார்கள். எஸ்னாத்தும் திரும்பினாள். ஒரு வார்த்தை போதும். அவள் என் மகள், மண் போட்டது சரி என்று ஒரே ஒரு வார்த்தை. அந்த அம்மாள் மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். செயலாளர் பேனாவைத் திறந்தாள்.

எஸ்னாத் எழுந்தாள். வெள்ளைத் தொப்பியைக் கழற்றினாள். பொத்தான் பொத்தானாகச் சிவப்புச் சட்டையைக் கழற்றி, உள்சட்டையோடு நின்றுகொண்டு, அதை ஒழுங்காக மடித்தாள். மடிக்கிறபோது அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டாள். கொண்டுபோய்த் தலைவியின் மடியில், அந்தக் கைகளின் மேல் வைத்தாள்.

"நான் செத்தா நீங்க யாரும் வந்து பாட மாட்டீங்க. சரி, போகுது. ஆனா நீ செத்தா நான் வருவேன் ராவிரோம்மா. இந்த வீட்டுக்கு நான்தான் சாவிரா, அத எந்தச் சங்கமும் கழட்ட முடியாது. ஒஞ் சட்டைய மாட்டிக்கிட்டு ஊருக்கு முன்னாடி ஒரு நாற்காலி போட்டு உக்காருவேன். உக்காந்து, மடியில கைய வச்சுக்கிட்டு, இப்பிடியே கீழ பாத்துக்கிட்டு, ஒண்ணும் பேசாம இருப்பேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் நடிக்க வேண்டியதில்ல. எல்லாருக்கும் புரிஞ்சிரும். ஓம் மகளும் பாத்துக்கிட்டு நிப்பா."

செயலாளரின் பேனா நின்றுவிட்டது.

"ஒனக்கு இன்னும் நாள் இருக்கு," என்றாள் எஸ்னாத். "நான் நடிக்க வேண்டியத நீதான் மாத்தணும்."

அந்த அம்மாள் மடியிலிருந்த சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் மடிப்புக் கலைந்தது. வாயைத் திறந்தாள், முதலில் காற்றுத்தான் வந்தது. அந்த வீட்டில் அத்தனை வருஷம் பேசாதவளுக்குக் குரல் எங்கே உடனே வரும்?

"அவ வீடு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது, சாவிரா."

"எனக்குத் தெரியும். எந்திரி. காம்பி இன்னும் ஓடுது."

துக்கத்தில் இருக்கிறவள் வாசல் தாண்டக் கூடாதே என்று சுவரோரத்தில் யாரோ முனகினார்கள். கூட்டம் இன்னும் முடியவில்லையே அம்மா என்றார் போதகர். இரண்டையும் கேட்கிற நிலையில் அவள் இல்லை. சட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு, கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, கதவுப் பக்கம் குவிந்து கிடந்த அத்தனை பேர் செருப்புக்கு நடுவில் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.